கொட்டச் சொன்ன ஆன்டிபாடி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாலு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து ஆராய்ச்சி செய்த ஆரோக்கியசெல்வி, 2014 ஏப்ரலில் பால்பவுடரிடம் தோற்றுப்போனாள்.

அவள் ஆராய்ச்சி, சிறுநீரகத்தில் தண்ணீருக்கு வழிவிடும் ஒரு புரதத்தைப் பற்றியது. உடம்பு தாகத்தில் தவிக்கும்போது அந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். உடனே அது வேலைக்குக் கிளம்பி, வீணாய்ப் போகிற தண்ணீரை உடம்புக்குத் திருப்பிவிடும். பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆயிற்று. வந்ததோ சில சொட்டு.

அதை வைத்து எடுக்கும் படத்தில், தண்ணீரில்லாமல் தவித்த சோதனை எலியின் புரதத்துக்குக் கோடு விழ வேண்டும். வயிறு முட்டக் குடித்த எலிக்கு விழக்கூடாது. அந்தப் படம் இல்லாமல் ஆய்வேடு இல்லை. மாதக் கடைசிக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

அவசரத்தில் செல்வி, மற்ற ஆன்டிபாடிகளுக்குச் செய்கிற பழக்கத்திலேயே பால்பவுடரைக் கரைத்து, மிச்சமிருந்த ஆன்டிபாடியை முழுக்க அதில் ஊற்றிவிட்டாள். பாலில் இருக்கும் புரதத்திலேயே பாஸ்பேட் மண்டிக் கிடக்கிறது, ஆன்டிபாடி அதையும் பிடித்துக்கொள்ளும் என்பது, படம் கன்னங்கரேலென்று வந்த பிறகுதான் உறைத்தது. ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான்.

கழுவுதொட்டி ஓரம் நின்று அழுதாள். அங்கே கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் வீரம்மாள் குழாயை மூடினாள்.

"இன்னா செல்வி, யாருனா திட்டிட்டாங்களா?"

"ஆன்டிபாடி தீந்துபோச்சுக்கா. ஒரு சொட்டு இல்ல."

வீரம்மாள் முந்தானையைத் திருகினாள். "ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே? தை மாசம் ஒரு டியூபைக் குடுத்து, கொட்டிட்டுக் கழுவச் சொன்னியே. நான் கொட்டலை."

"ஏங்க்கா?"

"அது வர்ற வரைக்கும் நீ எப்படிப் பேஜாராயிக்கினு இருந்தேன்னு பாத்தவதானே நானு. ஊத்த மனசு வரல. கழுவிட்டேன்னு பொய் சொல்லிட்டு ஃபிரிட்ஜ்ல ஒளிச்சி வெச்சிட்டேன். வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?"

அது ஒத்திகைக்கு ஒருமுறை பயன்படுத்திய ஆன்டிபாடிக் கரைசல். அன்று கலந்தவர் வழிகாட்டி ராஜாங்கம் சார். பாலுக்குப் பதில், பாஸ்பேட் தொல்லை இல்லாத ஆல்புமின் என்ற புரதம் போட்டு, கெட்டுப்போகாமல் இருக்க மருந்தும் சேர்த்திருந்தார். இன்னொரு தடவைக்குத் தாராளமாக ஆகும். கையில் புதுசு இருக்கிற திமிரில் செல்விதான் கொட்டச் சொன்னவள்.

மறுநாள் மாலை படம் வந்தது. தவித்த எலிக்குக் கோடு; குடித்த எலிக்கு ஒன்றுமில்லை. செல்வி சாரைக்கூடக் கூப்பிடவில்லை. வீரம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

"இத்துனூண்டு கோட்டுக்கா நாலு வருஷம் ஓடினே?"

"இதுக்குத்தாங்க்கா!" செல்வி அவள் ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெற்றவளுக்கு அடுத்தபடி இவள்தான் என்று தோன்றியது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைப் பார்த்து ராஜாங்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் பேரே வீரம்மாளா? இப்படி வழக்கமில்லையேம்மா. உங்கம்மா பேரு ரெண்டாவது, என் பேரு மூணாவதா இருக்கு."

"நான் கொட்டச் சொன்னேன் சார். அவங்க கொட்டலை."

நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, சார் கையெழுத்துப் போட்டார்.