வேளிமலைக்கு ஒரே கோடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நான் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் ராகேல், மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதும். ஆனா எல்லாத்தையும் எழுதாதேயும்" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தக்கலைக்குப் பக்கத்தில், பலாவும் அயனியும் சூழ்ந்த ஓட்டு வீட்டின் முற்றத்தில், கார்த்திகை மாதத்து இளவெயில்...'

முடிக்கவில்லை. அந்த வீடு இப்போது இல்லை. நான்குவழிச் சாலைக்குப் போய்விட்டது.

2

ராகேலின் அண்ணன் குமாரதாஸ். மஸ்கட்டில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சர்க்கரை நோயில் கண் மங்கிக்கொண்டே வந்தது. மிச்சமிருக்கும் பார்வையும் சில மாதம்தான் என்று போன வருடம் டாக்டர் சொல்லிவிட்டார். அன்று தங்கையிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மக்கா, நம்ம முற்றத்துல நிண்ணா தெரியுமே, மலையும் வயலும். அத ஒருக்கா வரஞ்சு தாறியா?"

(அவருக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு. இரண்டு பக்கம் எழுதி, எடுத்துவிட்டேன். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

ராகேல் சின்ன வயதில் படம் வரைந்து பரிசு வாங்கியவள். மூன்று வாரம் உட்கார்ந்தாள். ஓலை ஓலையாகத் தென்னை, வரப்பு வரப்பாக வயல், பாறை பாறையாக வேளிமலை. எதையும் விட மனம் வரவில்லை. விட்டால் அதுவும் போய்விடும்.

அண்ணன் தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்குட்டி. ஒண்ணும் தெரியல்ல."

3

அவள் அடுக்களைக்குப் போய் அழுதாள். [அழுதேன் என்று அவள் சொல்லவில்லை. நான் சேர்த்தது. இருக்கட்டும்.]

மறுநாள் பெரிய சார்ட் தாள் ஒன்று வாங்கினாள். மலைக்கு ஒரே கோடு, உள்ளே அடர்ந்த கறுப்பு. தோப்பு முழுவதும் ஒரு பட்டை. வயலும் முற்றமும் வெறும் வெள்ளை. கிணறு, தொழுவம், வேலிப் பூவரசு என்று ஒவ்வொன்றாக விடும்போது, யாரையோ பஸ் ஏற்றி அனுப்புவது போல் இருந்ததாம்.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். மலையின் விளிம்பிலேயே விரலை நகர்த்திக்கொண்டு போனார்.

"மலை கறுத்திருக்கு. மழை வரும். அம்மைட்ட சொல்லு, கொடியில துணி கெடக்கு."

அம்மா இறந்து பதினொரு வருடம்.

4

விளையாட்டாகச் சொன்னார் என்று ஒரு முடிவு எழுதினேன், இருவரும் சிரிக்கிறார்கள். நினைவு தப்பிச் சொன்னார் என்று இன்னொன்று. அதில் ராகேல் மெல்ல எழுந்து...

இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"எதுன்னு நானும் கேக்கல்ல" என்றாள். "பென்சில எடுத்து முற்றத்துல கொடி ஒண்ணு கட்டுனேன். அது மட்டும் நல்லா, முடிச்சு வரைக்கும் தெரியுற மாதிரி."

துணி கிடந்ததா, எடுத்தாயிற்றா என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது. விடைத்தாள் கட்டோடு எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

நான் கொடியோடு நிறுத்துகிறேன். துணி உங்கள் பாடு.