தோற்பதற்கு எட்டுப் பேர்

வெஸ்ட் ஈலிங்கில் குலசேகரம் வைத்திருந்த பலசரக்குக் கடைக்கு லீஸ் செப்டெம்பரோடு முடிகிறது. கட்டடத்தின் சொந்தக்காரர் டங்கன், ஸ்கொட்லாந்துக்காரர். அதே இடத்தை ஒரு வீடியோக் கடைக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அது இன்னொரு கிளை. குலசேகரத்துக்கோ கீழே கடையில் அரிசி மூட்டைகள், மேல்மாடியில் மனைவி தவநாயகியும் மூன்று பெண்பிள்ளைகளும். குடும்பம் முழுவதும் அந்த ஒரு கதவுக்குப் பின்னால்தான்.

டங்கன் வியாபாரப் பேச்சுக்கு முகம் கொடுக்காதவர். அவர் மனம் இளகுவது வருடத்தில் ஒரே நாள்: ஊர் ஸ்கொட்லாந்துக்காரர் எல்லாம் கோடையில் பூங்காவில் கூடி, மரம் தூக்கி எறிந்து, பைக்குழல் ஊதி, ஆடிக் களைக்கும் விழா நாள். அன்று கட்டம் போட்ட பாவாடையோடு கயிறிழுத்தலில் கடைசி ஆளாக நிற்பார். வென்றால் எதிரே வருகிறவனைக் கட்டிப் பிடிப்பார். அந்த நேரம் கேட்டால் கிட்னியையும் தருவார், லீஸ் எம்மாத்திரம் என்பது குலசேகரத்தின் கணக்கு.

ஆகவே தோற்பதற்கு ஓர் அணி தேவைப்பட்டது. கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற எட்டுப் பேரைத் திரட்டினார்.

“நல்லா முக்கவேணும். ஆனா தோக்கவேணும்.”

“தோக்கிறதுக்கு நாங்கள் ஏன் அண்ணை?” என்றான் அணித்தலைவன் யோகலிங்கம். “வழியிலை போற நாலு பேர் காணுமே.”

“பகிடி விடாதை. என்ரை பிள்ளையளின்ரை கூரை அந்தாளின்ரை கையிலை கிடக்கு.”

விழா நாளில் டங்கனின் அணிக்கு எதிரே நின்றார்கள். விசில் ஒலித்தது. சொன்னபடியே எட்டுப் பேரும் அழகாக முக்கி, அழகாக வழுக்கி வந்தார்கள். தோல்விக்கு ஓரடி இருந்தது. கால் சறுக்கிய எவனோ ஒருவன், பழக்கதோஷத்தில், “அரோகரா!” என்றான்.

அவ்வளவுதான். எட்டு வாய்களும் திருப்பிச் சொல்லின. எட்டு உடம்புகளும் திரும்பின. கயிறு தோளுக்கு ஏறியது. எதிரணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுமுனையில் அம்மன் எழுந்தருளியிருப்பதுபோல நடக்கத் தொடங்கினார்கள். மறுமுனையில் இருந்தவர் டங்கன். புல்லோடு புல்லாகக் குப்புற இழுபட்டு வந்தார். பாவாடைக்குள் என்ன அணிவார்கள் என்று நெடுநாளாகச் சந்தேகப்பட்டிருந்தவர்களுக்கு அன்று விடை கிடைத்தது.

முதுகைக் காட்டி இழுப்பது விதிமீறல் என்று சொல்லி, நடுவர் வெற்றியை டங்கனின் அணிக்கே கொடுத்தார். குலசேகரம் ஓடினார்.

“சேர், வெண்டது நீங்கள்தான்!”

“இதையா வெற்றி என்கிறாய்?” சேற்றைத் துப்பினார் டங்கன்.

நிலைமையைச் சீர்செய்ய யோகலிங்கம் முன்வந்தான். தன் நல்ல ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: “மன்னிக்கவும் சேர். தோற்கத்தான் வந்தோம். அண்ணைதான் அப்படிச் சொன்னவர்.”

டங்கனின் முகத்தில் இரத்தம் ஏறியது.

“மறுபடி இழுப்போம்,” என்றார் குலசேகரத்திடம். “நீ முன்னால் நில். உன் கையை நான் பார்க்கவேண்டும்.”

ஓர் ஆள் விலக, குலசேகரம் கயிற்றைப் பிடித்தார். பின்னால் நின்றவர்களிடம் திரும்பிச் சொன்னார்.

“வெண்டா அந்தாளுக்கு அவமானம், கடை போச்சு. தோத்தா நடிப்பெண்டுவான், அப்பவும் போச்சு.”

“அப்ப என்னண்ணை செய்யிறது?”

“இழுங்கோடா. உண்மையா இழுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை.”

வாழ்நாளில் எதையும் பேசியே நகர்த்திய மனிதர் அன்றைக்குத்தான் உடம்பால் இழுத்தார். கண் இருண்டது. மகள்மாரின் பெயரைச் சொல்லிச் சொல்லி இழுத்தார். உள்ளங்கை வியர்த்தது. கயிறு வழுகி, தோலை உரித்துக்கொண்டு ஓடியது. ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். நேர்மையாகத் தோற்றிருந்தார்கள்.

இரத்தம் கசியும் கைகளை டங்கனின் முன்னால் விரித்தார். “பாருங்கோ சேர். உண்மையா இழுத்தனான்.”

டங்கன் அந்தக் கைகளைக் கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இறுக்கிப் பிடித்தவன் கை கொப்பளிக்கும். உரிவது கயிற்றை விட்டவன் கை.”

“விடேல்லை சேர், வழுகினது—”

“செப்டெம்பரில் சாவியை ஏஜென்டிடம் கொடு.”

டங்கன் பியர்க் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

குலசேகரம் கடை வான் வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்தார். விரல்கள் மடங்க மறுத்தன. பின்னால் யோகலிங்கம் வந்தான்.

“அண்ணை, விழாக்காரர் வாற வருசமும் எங்களை வரட்டாம். விலாசம் கேக்கினம். கடையின்ரையைக் குடுக்கவோ?”

“முதல் கதவைத் திற,” என்றார் குலசேகரம். “வீட்டை போய்த் தவநாயகிக்கும் நீயே சொல்லு. உண்மை சொல்லுறதிலை நீ கெட்டிக்காரன்.”