மூன்றாவது சொட்டு

தன் கணவர் சாகப் போகிறார் என்று லமாரா முடிவு கட்டியது, கோம்போரி மலைப்பாதையின் நாலாவது வளைவில்.

காரணம் இருந்தது. நாற்பத்தேழு வருட மணவாழ்க்கையில் ஜெமால் அவளை எங்குமே உல்லாசப் பயணம் அழைத்துப் போனதில்லை. திபிலிசி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பெட்டி வாங்கினாலும் இரண்டு கடையில் விலை விசாரிப்பார். அப்படிப்பட்டவர் போன வாரம் திடீரென்று, "ககேதிக்குப் போகலாம் லமாரா. ரெண்டு மதுப்பண்ணை, அப்புறம் ஒரு நல்ல ரெஸ்டாரன்ட். மேசை சொல்லி வெச்சுட்டேன்" என்றார்.

காலையில் மகள் ஏகா போனில், "நல்லா சாப்பிடும்மா" என்றபோது அவள் குரல் தழுதழுத்திருந்தது. ஆக, அவளுக்கும் தெரியும்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" லமாரா நேரடியாகவே கேட்டாள்.

"எந்த டாக்டர்?"

"நீ பாத்த டாக்டர்."

"நான் ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உன்னைப் பத்திரமா கீழ கொண்டுபோய்ச் சேக்கணும்ல."

அதன்பின் மூன்று முறை ஜெமால் வாயைத் திறந்தார். முதல் முறை, மழை வரும்போல என்றார். இரண்டாவது முறை, பேரிக்காய் விற்கிறார்கள் என்றார். மூன்றாவது முறை ஒன்றும் சொல்லாமலே மூடிக்கொண்டார்.

ஜெமால் போய்விட்டால் கோச்சாவுக்காகக் காத்திருக்க அவள் ஒருத்திதான்.

கோச்சா, அவர்களுடைய மகன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன், அப்போது அவர்கள் குடியிருந்த சுகுமி நகரம் போரில் விழுந்தபோது அவனுக்கு இருபது வயது. "நீங்க கிளம்புங்க, பின்னாலயே வந்துடறேன்" என்று துப்பாக்கியோடு தெருமுனையில் நின்றவன். வரவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் அவன் செத்துவிட்டான் என்று சொல்லியாகிவிட்டது. போரில் காணாமல் போனவர்களைத் தேடுகிற அமைப்பிலிருந்து, தோண்டியெடுத்த எலும்புகளோடு ஒப்பிட ரத்தம் கேட்டு இரண்டு பெண்கள் வீட்டுக்கே வந்தார்கள். "செத்தவனைத் தேடறவங்களுக்கு என் ரத்தம் எதுக்கு?" என்று லமாரா கதவைச் சாத்திவிட்டாள்.

அவளைப் பொறுத்தவரை கோச்சாவுக்கு இப்போது நாற்பத்தைந்து. அப்பாவைப் போலவே முன்மண்டையில் முடி கொட்டியிருக்கும். ஏதாவது துறைமுக ஊரில் கப்பல் வேலை. ஞாபகம் தப்பியிருக்கலாம். குழந்தைகள் இருக்கலாம். இந்தக் கணக்கை ஜெமால் ஒருநாளும் மறுத்ததில்லை. அதனாலேயே அவரை அவளால் சகித்துக்கொள்ள முடிந்தது.

முதல் பண்ணையில் அந்த வருட மது ஊறிய தாழியைத் திறக்கிற நாள். கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்த தாழியின் வாயை மூடியிருந்த களிமண்ணை, பண்ணைக்காரி சிறிய மண்வாரியால் வெட்டி எடுத்தாள். சரக், சரக். ஈரமண் வாடை கிளம்பியது. "வாங்க ஐயா, முதல் கோப்பை உங்களுக்குத்தான்" என்று திரும்பினாள்.

ஐயாவைக் காணோம்.

வெளியே திராட்சைப் பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் ஜெமால். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நெஞ்சு வலியா?"

"இல்ல."

"வயிறா? சிறுநீரகமா? எதுன்னாவது சொல்லித் தொலை ஜெமால்."

"மண் வாடை புடிக்கல. அவ்வளவுதான்."

நாற்பது வருடம் கிரீஸ் வாடையில் கிடந்த மனிதருக்கு மண் வாடை பிடிக்கவில்லையாம்.

இரண்டாவது பண்ணையில் ஆறு வகை மதுவை வரிசையாக வைத்தார்கள். வண்டி ஓட்ட வேண்டும் என்று ஜெமால் ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். "இதைப் போய்த் துப்பறதுக்கா காசு கொடுத்த?" என்றாள் லமாரா. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் பயமுறுத்தியது. அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். இளமையில்கூடச் செய்யாத காரியம்.

ரெஸ்டாரன்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டரை. வெள்ளை மேசைவிரிப்பு, சரிவுக்குக் கீழே அலசானி சமவெளி. வண்டிச் சக்கரம் அளவு தட்டில் கட்டைவிரல் அளவுக்குக் கத்தரிக்காய்ச் சுருள் ஒன்று வந்தது. உள்ளே வால்நட் விழுது, மேலே மாதுளை முத்து மூன்று.

"மிச்சத்தை வழியில யாரோ தின்னுட்டாங்க போல" என்றாள் லமாரா.

பக்கத்து மேசை வெடித்துச் சிரித்தது. குதைசியிலிருந்து வேனில் வந்திருந்த எட்டுப் பேர். அவர்களில் பெருத்த மீசைக்காரர், ரெவாஸ், பல் மருத்துவர், எழுந்து வந்துவிட்டார்.

"பெரியம்மா, நீங்க ரெண்டு பேரும் இப்படித் தனியா உக்காந்தா எங்களுக்குத் தொண்டையில இறங்காது. வாங்க. எங்க மேசைக்கு முழு ஆட்டுத்தொடை வருது. சமையல்காரர்கிட்ட சண்டை போட்டு வாங்கியிருக்கேன்."

"இவருக்கு உடம்பு சரியில்ல, தம்பி."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் ஜெமால்.

"பல்லு எப்படி இருக்கு, பெரியப்பா?" என்றார் ரெவாஸ்.

"அது இருந்தாத்தானே சொல்ல."

அவ்வளவுதான், மேசைகள் ஒட்டிக்கொண்டன. ரெவாஸ்தான் கோப்பைத் தலைவர். அவர் சொல்லாமல் யாரும் குடிக்கக் கூடாது. முதல் கோப்பை அமைதிக்கு, அடுத்தது நாட்டுக்கு, அதற்கடுத்தது சந்திப்புக்கு. ஜெமால் உதட்டை மட்டும் நனைத்து வைத்தார். லமாராவுக்கு உடம்பில் சூடேறி, சற்றே தைரியம் வந்தது. சாகிறவர் இப்படி ஆட்டுக்கறி கடிப்பாரா? தான்தான் வீணாகக் கற்பனை செய்துகொண்டோமோ?

பிறகு ரெவாஸ் எழுந்தார். குரல் தணிந்தது. "இப்ப, நம்மள விட்டுப் போனவங்களுக்கு."

எல்லோரும் எழுந்தார்கள். இந்தக் கோப்பையைத் தட்டிக்கொள்வதில்லை. அவரவர் ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சம் மதுவைச் சொட்டவிட்டு, இறந்தவர் பெயரை உள்ளுக்குள் சொல்லிக் குடிப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு சொட்டு.

லமாராவுக்கு அம்மா, அப்பா, அக்கா. மூன்று. கோச்சாவின் பெயருக்கு ரொட்டி நனையக் கூடாது என்பது இருபத்தைந்து வருடமாக அவள் வீட்டுச் சட்டம்.

ஜெமாலுக்கு இரண்டு. அவர் அப்பா, அம்மா. அவருடைய ஒரே தம்பி நோதார் நேற்றுக்கூட போனில் அரசியல் பேசி உயிரை வாங்கினான்.

ஜெமால் கோப்பையைச் சாய்த்தார். ஒரு சொட்டு. ரொட்டியில் கறுப்பாக ஊறியது. இரண்டு.

கை நிற்கவில்லை. மூன்று.

அவர் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. பல நாளாக மனசுக்குள் செய்து பார்த்து, கை தானாகப் பழகிவிட்டிருந்தது. உதடு அசைந்தது. அந்த அசைவை லமாராவுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? பால்கனியிலிருந்து தெருவைப் பார்த்து எத்தனை ஆயிரம் முறை கூப்பிட்ட பெயர்.

ஜெமால் நிமிர்ந்தார். அவள் ரொட்டியையே பார்ப்பதைப் பார்த்தார். கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார்.

"எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

"லமாரா, வெளிய போய்ப் பேசலாம்."

"எப்ப?"

"பதினோரு நாள் ஆச்சு."

ரெவாஸ் கையில் கோப்பையோடு அப்படியே நின்றார்.

"ரத்தம்?"

"நான் கொடுத்தேன். ஆறு வருஷம் முன்னாடி. உனக்குத் தெரியாம." ஜெமால் ரொட்டித் துண்டைக் கையால் மூடினார். "சுகுமிக்கு வெளிய ஒரு ஆரஞ்சுத் தோட்டம். நாலு பேர ஒண்ணாப் புதைச்சிருக்காங்க. நேத்து வரைக்கும் மூணு தடவை கேட்டுட்டேன், வேற யாராவதா இருக்குமான்னு. இல்லியாம். சொல்ல வாய் வரல. ஒரே ஒரு நாள் நீ நல்லாச் சாப்பிட்டு, சிரிச்சு, அதுக்கப்புறம் சொல்லலாம்னு..."

"எந்த வருஷம்?"

"என்னது?"

"அவன் போனது எந்த வருஷம் ஜெமால்?"

"அதே வருஷம். நாம கிளம்பின அதே வாரம்."

லமாரா நின்றபடியே மேசை விளிம்பைப் பிடித்தாள். இருபத்தைந்து வருடம் அவள் வளர்த்த பிள்ளை, முப்பதுக்கு வந்தவன், நாற்பதில் நரைத்தவன், துறைமுகத்தில் கயிறு இழுத்தவன், அவனும் அவன் குழந்தைகளும் ஒரே நொடியில் செத்துப்போனார்கள். மிஞ்சியது இருபது வயதுப் பையன் ஒருவன். அவனோ மண்ணுக்குள், யாரும் அழாமல் கால் நூற்றாண்டு கிடந்திருக்கிறான். அழ வேண்டியவள் அவன் உயிரோடிருக்கிறான் என்று ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்க இருக்கான்?"

"திபிலிசியில. கொண்டு வந்துட்டாங்க. வியாழக்கிழமை நம்மகிட்ட தருவாங்க."

"நம்ம ஊர்லயா?" அவள் குரல் உயரவில்லை. "புள்ள பக்கத்துல வந்து கிடக்கான். நீ என்னை இங்க கூட்டிட்டு வந்து ஆட்டுக்கறி திங்க வெச்சிருக்க."

பரிமாறுகிற பெண் அடுத்த தட்டோடு வந்து, முகங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினாள்.

"வண்டிய எடு."

"உதடு நனைச்சிருக்கேன் லமாரா. மலைப்பாதை வேற."

ரெவாஸ் யாரையும் கேட்கவில்லை. தங்கள் வேன் ஓட்டுநரைக் கைகாட்டி அழைத்தார். குடிக்காத ஆள். "இவங்க காரை நீ எடு. நாங்க காத்திருக்கோம், எவ்வளவு நேரமானாலும்." பிறகு லமாராவின் கோட்டைப் பிடித்து, ஒவ்வொரு கையாக அவரே நுழைத்துவிட்டார். "பேரு என்னம்மா?"

"கோச்சா."

ரெவாஸ் தலையசைத்தார். அவர்கள் படி இறங்கும்போது எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் மலை மேல் இன்னும் வெயில் இருந்தது. ஓட்டுநர் ரேடியோவை அணைத்துவிட்டார். பின் இருக்கையில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம். அவள் அழவில்லை. ஜெமால்தான் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

வெகு தூரம் போனபின் லமாரா கேட்டாள்.

"சட்டை வாங்கணும். சுகுமியிலிருந்து ஒண்ணுகூட எடுத்துட்டு வரல. வெள்ளைச் சட்டை. அவனுக்கு அப்ப என்ன அளவு?"

ஜெமால் யோசித்தார். உதட்டைக் கடித்தார். நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரனின் தோள் அகலம் அவளுக்கு விரற்கடை பிசகாமல் தெரியும். இருபது வயதுக்காரனின் தோள் மறந்துபோயிருந்தது.

"அளவு பாக்க வேண்டாம்னாங்க" என்றார் ஜெமால் கடைசியில். "பெட்டிக்குள்ள மடிச்சு மேல வெச்சாப் போதுமாம்."

லமாரா கையை நீட்டி, இருக்கையின் நடுவில் கிடந்த அவர் கையைப் பிடித்தாள். அவரை மன்னித்திருக்கவில்லை. பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.