அளவெடுக்காத சைக்கிள்

நான் தையல்காரன். ஆள் நேரில் வந்து நிற்காமல் யாருக்கும் பேன்ட் வெட்ட மாட்டேன். ஆனால் நாற்பது வயதில் ஆசைப்பட்ட மவுன்டன் பைக்கை, வெட்கப்பட்டுக்கொண்டு மச்சினனை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"சூப்பர் மாமா! கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான் அந்தப் பனைமரம். வாங்கித் தொலைத்தேன்.

இன்று மண்பாதையில் மூன்று தடவை பிரேக் பிடித்தேன். குறுக்குக் கம்பியைத் தாண்டிக் கால் தரைக்கு எட்டவில்லை. மூன்று தடவையும் பொத்தென்று விழுந்தேன்.

"சீட்ட இறக்குங்க மாமா" என்றான் கூட வந்த மச்சினன்.

"இறக்க இனிமே என்னடா இருக்கு?"

முழங்கை எரிய வீட்டுக்கு வந்து, கடைக்காரனையும் மச்சினனையும் சேர்த்துத் திட்டினேன். மனைவி தையல் மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்து என் காலை அளந்தாள்.

"இருபத்தெட்டு இன்ச். போன மாசம் என் தம்பிக்கு நீங்கதானே பேன்ட் தச்சீங்க? அவன் கால் எவ்வளவு?"

முப்பத்தி நாலு.