இரண்டு முறை தட்டினால் விட வேண்டும்

பதினான்கு வருடமாக என் கணவரின் எதிரி நான்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று சிரிக்க வேண்டாம். நான் சொல்வது கராத்தே வகுப்பை.

டயர் கடைக்கு மேலே இருக்கும் நீள அறையில் அவர் வகுப்பு நடத்துகிறார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. அந்தப் படியேறினால் நானும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்கு உயிர் கட்டாவில். கட்டா என்றால், எதிரே ஆளே இல்லாமல் தனியாக நின்று வரிசையாகச் செய்யும் அசைவுகள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் அசைவும் எதற்கு என்று காட்ட நிஜமாகவே ஓர் ஆள் வேண்டும். மாணவர்களைக் கூப்பிட்டால் ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் பயந்து பின்னால் போகிறான், ஒருவன் நிஜமாகவே குத்திவிடுகிறான். அதனால் என்னைக் கூப்பிட்டார். கட்டிய மனைவி சொன்னபடி குத்துவாள் என்ற நம்பிக்கை.

என் வேலை சுலபம். மூன்றடி தள்ளி நின்று, அவர் தலையசைத்ததும் நேராக ஒரு குத்து விட வேண்டும். விட்ட கையைத் திரும்ப எடுக்கக் கூடாது. அவர் தடுத்து, திருப்பி, விளக்கி, மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு முடிக்கும் வரை அது கொடிக்கம்பி மாதிரி அந்தரத்தில் நிற்க வேண்டும். அவர் கையைப் பிடித்தால் தளர வேண்டும். இழுத்தால் போக வேண்டும். தள்ளினால் பாயில் அடிபடாமல் அழகாக விழ வேண்டும். நான் விழுவதில் அந்த அறையிலேயே கெட்டிக்காரி. பிடி ரொம்ப வலித்தால் அவர் கையிலோ தோளிலோ இரண்டு முறை தட்டுவேன். உடனே விட்டுவிடுவார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

"ரெண்டு தட்டு தட்டினா விட்டுடணும். அதுக்கு மேல ஒரு நொடி பிடிச்சாலும் அவன் என் ஸ்டூடண்ட் கிடையாது."

நல்ல விதிதான். நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

வெளியே என் பிழைப்பு நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதினேழு வருடம். எனக்கு ஊசி அக்கா என்று பெயர். உடம்பெல்லாம் வீங்கி, நரம்பே தெரியாத நோயாளி வந்தால் டாக்டரே என்னைத்தான் தேடுவார். ஒரே குத்தில் ட்ரிப்ஸ் ஏற்றிவிடுவேன். பெருமை அடித்துக்கொள்கிறேன் என்றால் அப்படியே இருக்கட்டும். இப்போது பெருமைப்பட வேறொன்றும் மிச்சமில்லை.

அன்று காலை பத்தரை மணி. ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவரும்போதே கைமீறிப் போயிருந்தது. டாக்டர் அவருடைய மகனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக நழுவினார். நான் ட்ரேயோடு அங்கேயே நின்றேன். மகன் முப்பது வயது ஆள், என்னைவிட ஒரு முழம் உயரம். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

முதல் கட்டாவின் நான்காவது அசைவு இதற்கென்றே இருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்தால் ஒரு காலைப் பின்னால் இழுத்து, எதிரியின் கட்டைவிரல் பக்கமாகக் கையை வட்டமாக உருவி, முஷ்டியைச் சுத்தியல் மாதிரி இறக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்து காட்டுவேன். செய்யவில்லை. என் உடம்பு அதற்குத் தெரிந்ததைச் செய்தது. அவன் பிடித்ததும் கை தளர்ந்தது. இழுத்ததும் போனேன். தள்ளியதும் மருந்து அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே, ஒரு ஆள் திரும்பக்கூட இடமில்லாத சந்தில், சுவரோடு ஒட்டி நின்றேன். அவன் கையை முறுக்கினான். வலித்தது. இடது கையால் அவன் கையில் இரண்டு முறை தட்டினேன்.

தட்டிவிட்டுக் காத்திருந்தேன். நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. கத்தவில்லை, உதைக்கவில்லை. விடுவான் என்று காத்திருந்தேன். அவனுக்கு எங்கள் வகுப்பு விதி தெரியாது. சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. ஊசியை எடுத்தால் முனை ஆடுகிறது. என்னை மருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ஒல்லியாக இருப்பாள், எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வாள். பென்சில் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கை உடைந்த அன்று என் கணவர் ஓடிவந்தார். குறை சொல்லக் கூடாது, முழங்கை வரை தாங்கிப் பிடித்துத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுத்த வாரம் எங்கள் பெரிய சிஸ்டர், நர்சுகளுக்கெல்லாம் தலைமை, ஆஸ்பத்திரி கேமராவில் பதிவானதை அவரிடம் காட்டினார். நான்கு முறை ஓட விட்டுப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ தட்டினியா?"

"தட்டினேங்க."

"அவன் என்ன உன் கிளாஸ்மேட்டா?"

"பதினாலு வருஷமா தட்டினா விட்டாங்க. கை அதையே செஞ்சிடுச்சு."

"மாஸ்டர் பொண்டாட்டி எதிரியைத் தட்டிக்கொடுத்தான்னு நாலு பேர் சிரிக்கிறாங்க. என் பேரு என்ன ஆகும்?"

என் எலும்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. அவருக்குத் தன் பெயரில் கீறல் விழுந்ததுதான் பெரிதாகப் போயிற்று.

ஸ்டோரில் ஆள் வராத நேரத்தில் அந்த நான்காவது அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். என் மணிக்கட்டை அலமாரிக் கைப்பிடியில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு செய்தேன். வட்டமெல்லாம் வரவில்லை. நிஜமாகப் பிடித்த பிடி, அழகாக உருவினால் வராது. பின்னால் போகப் போக இறுகியது. நெருங்கிப் போய், மற்றக் கையால் பிடித்த இடத்தையே அமுக்கி, இடுப்போடு சேர்த்து இழுத்தால்தான் கொஞ்சம் அசைந்தது. அப்போதுதான் உறைத்தது. கட்டாவில் ஒரு கை வேலை செய்யும்போது மற்றக் கை இடுப்பில் மூடிக்கொண்டு நிற்கும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று அப்படி வைத்திருந்தோம். அது வெறுங்கை இல்லை. எதிரியின் கையையோ சட்டையையோ பற்றி இழுத்து வைத்திருக்க வேண்டிய கை. பதினான்கு வருடம் காற்றை இழுத்து வைத்திருந்தோம்.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன்.

"கட்டாவைத் திருத்த நீ யாரு?" என்றார்.

"திருத்தல. கட்டால எல்லாம் இருக்கு. நாமதான் தப்பா படிச்சிருக்கோம்னு சொல்றேன்."

"ஒரு தடவை அடி வாங்கினா எல்லாரும் மாஸ்டர் ஆயிடுவாங்க போல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பத்து நாள் கழித்து அவரே வாயெல்லாம் பல்லாக வந்தார். நர்சுகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்லி பெரிய சிஸ்டர் கேட்டிருக்கிறார். வழக்கம்போல நான்தான் எதிரி. கை ஆறிவிட்டதே, இடது கையால் லேசாகப் பிடித்தால் போதும் என்றார்.

"வரேன். ஆனா ஒண்ணே ஒண்ணு," என்றேன். "நாம பழகினது ஆபத்துல உதவலைன்னு அவங்க முன்னாடி சொல்லணும். தப்பு என் பேர்ல மட்டும் இல்லைன்னு ஒரு வரி."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"சொல்றேன்மா. விடு."

அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். வேறெதற்கும் இல்லை.

கூட்ட அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இருபது நர்சுகள் இருந்தார்கள். பெரிய சிஸ்டர் முன்வரிசையில். பென்சில் நோட்டோடு. மாஸ்டர் வெள்ளைக் கராத்தே உடுப்பில் நடுவே நின்று நன்றாகத்தான் பேசினார். பேச்சில் அவரை யாரும் அடிக்க முடியாது. பேசிக்கொண்டே வந்து என் விஷயத்தைத் தொட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். பதட்டத்துல இவங்க கத்துக்கிட்டதை மறந்துட்டாங்க. மறக்காம இருந்திருந்தா இவங்க மேல ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. சரி, வாங்க, செஞ்சு காட்டுவோம்."

அவ்வளவுதான் என் வரி. இருபது பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். நான் ஒன்றையும் மறக்கவில்லை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கற்றுக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்ததால்தான் கை உடைந்தது.

மூன்றடி தள்ளி நிற்க வேண்டிய நான் நேராக அவரிடம் போனேன். தலையசைப்புக்கும் காத்திருக்கவில்லை. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். அந்த மகன் என்னைத் தள்ளியதுபோல் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அவர் நான்காவது அசைவைச் செய்தார். வரவில்லை. இன்னொரு முறை செய்தார். காலைப் பின்னால் வைக்கச் சுவர் இடம் கொடுக்கவில்லை.

"லூசா பிடி," என்றார், உதடு அசையாமல்.

நான் பிடியைத் தளர்த்தவில்லை.

"சொல்றேன்ல, எல்லாரும் பாக்கறாங்க. லூசா பிடி."

கொஞ்சம் முறுக்கினேன். என் வலது கை வலியில் கத்தியது, அப்படியும் முறுக்கினேன். அவர் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். கேமராப் பதிவைப் பிறகு நானும் பார்த்தேன், அதில் என் முகம் அப்படித்தான் இருந்தது. பிறகு அவர் இடது கை என் தோளுக்கு வந்தது. இரண்டு முறை தட்டினார்.

என் கைகள் திறந்துகொண்டன. நான் விட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அவை பழக்கிய நாய்கள், தட்டினால் விட்டுவிடும்.

அவர் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இப்போதாவது சொல்வார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"கவனிச்சீங்களா?" என்றார். "தோள்ல ரெண்டு தட்டு. எதிரி இதை எதிர்பார்க்க மாட்டான். ஒரு நொடி குழம்புவான், பிடி தானா விட்டுப்போகும். கட்டாவுல எழுதாத ரகசியம் இது."

கை தட்டினார்கள். பென்சில் எழுதிக்கொண்டாள். ஜோடி ஜோடியாக நின்று பழகச் சொன்னார். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி தட்ட, பிடித்தவள் விட, இரண்டு பேரும் சிரிக்க, அறை முழுக்கத் தட்டும் சத்தம். நாளைக்கு இவர்களில் யாரோ ஒருத்தி ஏதோ ஒரு சுவரோரம் தட்டிவிட்டுக் காத்திருப்பாள்.

ஜோடி கிடைக்காமல் நின்ற பென்சிலிடம் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டே தோளில் இரண்டு முறை தட்டினாள். நான் விடவில்லை. மறுபடி தட்டினாள்.

"அக்கா, தட்டிட்டேன்."

"தெரியும்."

"அக்கா, வலிக்குது."

"அன்னைக்கு நானும் தட்டினேன். மறக்கல. தட்டிட்டு நின்னேன். அவன் விடல."

அறை அடங்கிப்போனது. அவர் இரண்டு எட்டில் வந்தார். "விடு அந்தப் பொண்ணை," என்றார்.

"நீங்க அந்த ஒரு வரியைச் சொல்லுங்க. விட்டுடறேன்."

அவர் வாய் திறந்தது. பெரிய சிஸ்டர் பக்கம் பார்த்தார். மூடிக்கொண்டார். ஒரு சின்னப் பெண்ணின் கை நோகிறது, ஒரு வரி சொன்னால் போதும், அவருக்கு அது வரவில்லை. எனக்கும் பிடியைத் தளர்த்த வரவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது. அந்தச் சமயத்தில் அவன் பிடித்த மாதிரியேதான் நான் பிடித்திருந்தேன்.

பென்சில் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி அவளுடைய ஷூ முனை என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கியது. கூடவே காது கிழிகிற மாதிரி ஒரு கத்தல். வராந்தாவிலிருந்து வாட்ச்மேன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அழகாகவெல்லாம் விழவில்லை.

"அய்யோ அக்கா, ஸாரி," என்று அழுதுகொண்டே குனிந்தாள்.

"அழாதே," என்றேன். "அங்க எழுதினதை அடிச்சிட்டு, இதை எழுதிக்கோ."

அவர் கூட்டத்தைப் பார்த்து, "இவங்களுக்கு இன்னும் அந்த ஷாக் போகல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.