கிழமைக்கு ஒரு பெரட்டு

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் மின்விளக்கு பழுதாகி மாதக்கணக்காகிறது. ஆகவே பொழுது சாய்வதற்குள் கணக்கு வகுப்பை முடித்தாக வேண்டும். காலையில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் லோஜினி, மாலையில் தோட்டத்து இளைஞர்கள் நடத்தும் தளிர் மன்றத்தின் தொண்டராக, டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்று கரும்பலகையில் முக்கோணம் வரைந்துவிட்டுத் திரும்பினால், வாசலில் கேமராவோடு துஷாந்த் நின்றான். மன்றத்தின் தலைவர்.

"டொரண்டோவுல இருந்து ஒரு ஐயா படம் கேட்டிருக்காரு. எல்லாரும் பொஸ்தகத்தத் தூக்கிப் புடிச்சு சிரிங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் கண்ணை மூடிவிட்டானென்று மறுபடியும் சிரித்தார்கள். முக்கோணம் பாதியிலேயே இருட்டிவிட்டது.

அந்த வருடம்தான், இரண்டாயிரத்து ஒன்பதில், துஷாந்த் மன்றத்துக்கு ஒரு பேஸ்புக் பக்கம் திறந்திருந்தான். தினமும் படம் போட வேண்டும், யார் எதைக் கேட்டாலும் அன்றைக்கே பதில் எழுத வேண்டும் என்பது அவன் கட்டளை. ஐந்து பேராகத் தொடங்கினார்கள். களைத்துப்போய் ஒவ்வொருவராக நழுவ, எல்லாம் லோஜினி தலையில் விழுந்தது. படத்தில் நிற்கும்போது மட்டும் ஐந்து பேரும் வந்துவிடுவார்கள்.

மறுநாளிலிருந்து பூரணி வகுப்புக்கு வரவில்லை. கணக்கில் தவறினால் கொழும்பில் வீட்டுவேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அவள் வீட்டில் ஏற்கெனவே பேச்சு. லோஜினி பதறிப்போய் அவள் குடியிருந்த லயத்துக்குப் போனாள். பூரணி பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்குக் குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"அங்க வந்தா படத்துக்குச் சிரிச்சிட்டுத்தானே டீச்சர் வாரேன். இங்கேன்னா ரெண்டு கொடம் தண்ணியாவது புடிச்சு வைக்கலாம்."

அதில் கோபம் இல்லை. அதுதான் லோஜினிக்கு மிகவும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்தில் அவள் நேராகவே சொன்னாள். "அண்ணே, இனி நான் தினமும் பேஸ்புக் பாக்க மாட்டேன்."

"நீ விட்டா பக்கம் செத்துரும் லோஜினி. நாலு பேருக்கு நம்மளத் தெரிஞ்சதே அதாலதான்."

"விடச் சொல்லலண்ணே. ஒங்கம்மாவும் எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். இன்னிக்கு எடுத்த மலையில நாளைக்கே போனா என்ன கிடைக்கும்? ஒரு வாரம் விட்டுத்தானே அதே மலைக்குப் போறாங்க. நாமளும் கிழமைக்கு ஒண்ணு போடுவோம், நல்லதா."

பின்வரிசையிலிருந்து, அந்த ஐந்து பேரில் ஒருவனான ஆண்டியப்பன் சிரித்தான். "அப்ப நாமளும் ஒரு பெரட்டு வச்சிருவோம். யாருக்கு எந்தக் கிழமைன்னு பேர் கூப்பிட்டுப் பிரிச்சிரலாம்."

காலையில் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் வேலை பிரிக்கிற பெரட்டைத்தான் அவன் கேலியாகச் சொன்னான். கேலியே முடிவாயிற்று. கிழமைக்கு ஒருவர், அந்த வாரம் முழுதும் அவரே பொறுப்பு. மற்றவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. 'கேள்விகளுக்குச் சனிக்கிழமை பதில் சொல்வோம், மற்ற நாட்களில் வகுப்பு நடக்கிறது' என்று பக்கத்தின் தலைப்பில் எழுதினார்கள்.

துஷாந்த் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டான். சிலர் பக்கத்தை விட்டு விலகவும் செய்தார்கள். டொரண்டோ ஐயா மட்டும் எழுதினார்: "கிழமைக்கு ஒருக்கா போட்டாலே காணும், அதுவே போதும் தம்பி. பிள்ளையள் படிக்கட்டும்."

லோஜினி மறுபடியும் லயத்துக்குப் போனாள். "நாளைக்குக் கேமரா வராது பூரணி. கணக்கு மட்டுந்தான்." பூரணி வந்தாள்.

துஷாந்தின் முறை வந்தது. வெள்ளிக்கிழமை மாலை கேமராவோடு வந்தவன், பலகையருகே நின்ற பூரணியைக் கூப்பிட்டான். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா."

"இருங்கண்ணே, கணக்க முடிச்சிட்டு வாரேன்." அவள் திரும்பவே இல்லை.

தலைவர் காத்து நின்றார். வேறு வழி? சோக்குத்தூள் படிந்த கையோடு அவள் கடைசி வரியை எழுதி முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பிள்ளையின் முதுகும், பலகையில் முழுதாக முடிந்த ஒரு கணக்கும்தான். கேமராத் திரையில் அதைப் பார்த்தான். பிறகு லோஜினியிடம் சொன்னான்.

"இத்தன நாள் தலைகீழா நடத்திட்டேன் லோஜினி. செய்யிறவங்க களைச்சுப்போனா ஊருக்குக் காட்ட ஒண்ணுமே மிஞ்சாது. மொதல்ல வேலை நடக்கணும். அத ஒருத்தர் தலையில கட்டாம எல்லாரும் பங்கு போட்டுக்கணும். காட்டுறதெல்லாம் பொறவுதான்."

அந்தக் கிழமை பக்கத்தில் போட்ட ஒரே படம் அதுதான்.