பெங்களூர் நம்பர் வண்டி

சிங்கராயர் இரண்டு வண்டிகளின் சீட்டுகளையும் கட்டைவிரலால் மாறி மாறி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாராவியில் முப்பது வருடம் தோல் பைப் பட்டறை நடத்தியவர். ஆயிரம் சிசி வண்டியிலும் அவர் கண்ணில் முதலில் படுவது தையல்தான். பச்சை வண்டியின் பின்சீட்டு ஓரத்தை நகத்தால் நெருடினார்.

“தையல ரொம்ப நெருக்கிப் போட்டுட்டானுவ மாப்ள. ரெண்டு வெயில் பட்டா ஓட்டை ஓட்டையா கிழிஞ்சிரும். சாம்பல் கலருதான் வேலை தெரிஞ்சவன் தச்சது. பாத்தியளா?”

ஸ்டெர்லின் தலையாட்டினான். மனைவி ஸ்வீட்டி இறந்த பதினொரு மாதமாக அவன் அதைத்தான் செய்துவருகிறான். சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டுவான். ரிஜோ எங்களிடமே இருக்கட்டும் என்றார்கள், தலையாட்டினான். ரிஜோ அவன் மகன், இரண்டு வயது. ஸ்வீட்டியின் தங்கை ஆனியைக் கட்டிக்கொண்டால் பிள்ளை வேற்றுக் கைக்குப் போகாது என்று மாமனார் சிங்கராயர் சொன்னபோதும் அவன் தலை அதே அளவுதான் ஆடியது.

செம்பூரில் உதுமானின் கடை அது. பெரிய வண்டிகளைப் பழசாக வாங்கி விற்கிறவர். பச்சையும் சாம்பலும் ஜப்பானின் இரண்டு போட்டிக் கம்பெனிகளுடையவை. ஒன்று புது மாடல் விட்டால் அடுத்த வருடமே மற்றது அதை முந்தும். கோவா வரை முதுகு வலிக்காமல் போகலாம். பாதை காலியாக இருந்தால் இருநூற்றைம்பதையும் தொடலாம். ஐரோலிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் ஸ்டெர்லின் இந்த இரண்டையும் ஒப்பிட்டு வந்த கட்டுரைகளை எல்லாம் படித்திருக்கிறான். “கடைசில எதுதான் நல்லதாம்?” என்று ஸ்வீட்டி கேட்டால் நாளுக்கு ஒன்றைச் சொல்வான். இரண்டும் வாங்கப்போவதில்லை என்பதால் அப்படி மாற்றிச் சொல்வது சுகமாக இருந்தது.

உதுமான் டீ வரவழைத்தார். “சாச்சா, தையல விடுங்க. பேப்பரப் பாருங்க. பச்சை எம்எச் நம்பர், நம்ம மகாராஷ்டிரா வண்டி, ஒரே ஓனர், ஏக்தம் க்ளியர். ஒரு வாரத்துல மாப்ள பேருக்கு வந்துரும். சாம்பல் பெங்களூர் நம்பர். அங்க ஆர்டிஓ என்ஓசி குடுக்கணும், இங்க மறுபடி டாக்ஸ் கட்டணும், அப்புறம்தான் பேரு மாறும். அஞ்சு மாசம் ஆயிரும்.”

சிங்கராயரின் முகம் சுருங்கியது. அவருக்கு ஆர்சி புத்தகத்தில் மாப்பிள்ளையின் பெயர் முக்கியம். ஸ்வீட்டியின் கல்யாணத்தில் பைக் தருகிறேன் என்று சபையறியச் சொன்னவர், தரவில்லை. அந்த வருடம் பட்டறை படுத்துவிட்டது. ஸ்டெர்லின் கேட்கவுமில்லை, தானே கடனில் ஒரு சின்ன வண்டி வாங்கிக்கொண்டான். மகள் போனபின் சிங்கராயர் அதைப் பிடித்துக்கொண்டார். “சொன்ன சொல்லக் காப்பாத்தல. ஆண்டவரு பிள்ளைய எடுத்துக்கிட்டாரு” என்று நாற்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஸ்டெர்லின் பக்கத்தில் நின்றான். அப்படியில்லை மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த முறை பட்டறை இடத்தை விற்ற பணத்தில் வாங்கும் வண்டி அவன் பெயருக்கு வந்தபிறகுதான் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்பது சிங்கராயரின் பிடிவாதம்.

“ஏட்டி ஆனி, ஏறு. பின்னால உக்காரத் தோதா இருக்கான்னு பாத்துட்டு வா.”

ஆனி கடைக்காரர் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பச்சை வண்டியில் ஏறினாள். அவன் தோளைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஹைவேயில் ஏறியதும் ஸ்டெர்லின் கொஞ்சம் முறுக்கினான். வண்டி உறுமவில்லை. சத்தமில்லாமல் சாலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவனுக்குள் ஏதோ எழுந்தது. இத்தனை மாதங்களில் எழாதது. சந்தோஷம்தான், சந்தேகமில்லை. அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையைத் தளர்த்தவில்லை.

காட்கோபர் தாண்டி அவள் முதுகில் தட்டினாள். “அத்தான், ஓரமா நிறுத்துங்க.”

இறங்கி, ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை மேலே தள்ளினாள். “பெங்களூர் வண்டிய எடுங்க.”

“ஏன்?”

“அஞ்சு மாசம் ஆகும்லா. அக்டோபர்ல எனக்கு ஜெர்மனி விசா வந்துரும். நர்ஸ் வேலை. லாங்குவேஜ் எக்ஸாம் பாஸாயிட்டேன். அப்பாக்குத் தெரியாது. அம்மாக்குத் தெரியும், தெரியாத மாரி இருக்கா.”

“கல்யாணம் வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதானே?”

“ரெண்டு தடவ சொன்னேன். அப்பாட்டதான். ரிஜோவத் தூக்கி என் மடியில வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு. நீங்க ஏன் சொல்லல?”

அவன் வேகமானியைப் பார்த்தான். அது பூஜ்யத்தில் நின்றது.

“அக்கா அன்னிக்கு சயான்ல நின்னு எனக்கும் போன் பண்ணினா. செருப்பக் கையில தூக்கிட்டு நடக்கேம்ட்டி, ஒங்க அத்தானுக்கு வண்டி நனையக் கூடாதாம்னு சிரிச்சா. நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். வண்டிய மட்டும் பாத்து எடுங்க.” கண்ணாடியைப் படக்கென்று இறக்கிக்கொண்டாள். மிரட்டினாளா, மன்னித்தாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

போன ஜூலை. மழை வெள்ளத்தில் ரயில் நின்றுவிட்டது. மாட்டுங்காவில் ஒரு கிளினிக்கில் பில் போடும் வேலையிலிருந்து ஸ்வீட்டி சயான் வரை வந்து போன் செய்தாள். அவன் வீட்டில்தான் இருந்தான். ‘சைலன்சருக்குள்ள தண்ணி போனா இன்ஜின் காலி. மெதுவா நடந்து வா’ என்றான். புதுச் செருப்பு கடித்து அவள் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது. புண் வழியாக வெள்ளத்தண்ணீர் ஏற்றிய எலிக்காய்ச்சல் என்று டாக்டர் கண்டுபிடித்தபோது சிறுநீரகம் இரண்டும் நின்றிருந்தன. அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவன் வண்டியை விற்றான். துக்கத்தில் விற்கிறான் என்று எல்லாரும் இரங்கினார்கள்.

கடைக்குத் திரும்பியபோது சிங்கராயர் எழுந்து நின்றார். “எது மாப்ள?”

“சாம்பல்.”

“அஞ்சு மாசமாகும்ங்காரே.”

“பரவால்ல. இருப்போம்.”

ஆனி ஹெல்மெட்டைக் கழற்றாமல் தூணருகே நின்றாள். சிங்கராயர் உதுமானைப் பார்த்தார். உதுமான் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். இரண்டு நிமிடம் இந்தியில் பேசிவிட்டுச் சிரித்தார்.

“டென்ஷன் எதுக்கு சாச்சா? அதே மாடல், அதே கலர், எம்எச் நம்பர். புனேல என் தோஸ்த்துட்ட நிக்கிது. நாளைக்கே வந்துரும். பேப்பர் ஒரே வாரம். மாப்ளக்கு லக்குதான்.”

“பாத்தியளா மாப்ள!” சிங்கராயர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. “ஆண்டவரே வழி தொறக்காரு. வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மொத ஓலை. ஒங்க அத்தைட்டச் சொல்லிருதேன். இந்தத் தடவ சொல்லு தப்பாது.”

தூணருகே எந்த அசைவும் இல்லை. ஸ்டெர்லின் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தலையாட்ட ஒரு நொடி போதும். பழகிய கழுத்து.

“மாமா, அவ செத்தது நீங்க வண்டி தராததால இல்ல.”

“அத எதுக்கு இப்ப…”

“அன்னிக்கு எனக்கு போன் பண்ணினா. கூப்பிட வரச் சொன்னா. வண்டில தண்ணி போயிரும், நடந்து வான்னுட்டேன்.”

உதுமான் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். சிங்கராயர் கோபப்படுவார் என்று ஸ்டெர்லின் எதிர்பார்த்தான். அவரோ தையலைப் பார்க்கிற அதே கண்ணால் அவனைப் பார்த்தார்.

“எம்புட்டுத் தண்ணி?”

“முட்டளவு.”

“முட்டளவுதானா?” பக்கத்தில் நின்ற வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார். “முட்டளவுல எங்க தெருவுல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது. வண்டி ஓடியிருக்காதோ?”

“ஓடியிருக்கும்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். சட்டையில் துடைத்தார். பிறகு தூணருகே போய் ஆனியின் மணிக்கட்டைப் பிடித்தார். “வாட்டி. பிள்ள தூங்கி எந்திரிச்சிருப்பான்.” ஸ்டெர்லினை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரிஜோவைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

தூறல் தொடங்கியிருந்தது. இருவரும் சாலையில் இறங்கிவிட்டார்கள். உதுமான் வாசலுக்கு ஓடினார். “சாச்சா! அரே மேடம், ஹெல்மெட்! ஹெல்மெட்டக் குடுத்துட்டுப் போங்க!”

அவர்கள் காதில் விழவில்லை. வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, சாலையின் நடுத்திட்டில் சிங்கராயர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடிப்பதுபோல மகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனி ஒருமுறை கடையின் பக்கம் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடி இறங்கியே இருந்தது. அதன்மேல் மழைத்துளிகள் வழிந்துகொண்டிருந்தன.